மாட்டு வண்டியில் ஏறிய செயற்கைச் சந்திரன்

நாளைக் காலையில் வடாம் காயப்போட மொட்டை மாடிக்குப் போகும்போது, ஒரு நிமிஷம் கைவேலையை நிறுத்திவிட்டு அக்கம்பக்கத்து மாடிகளைப் பாருங்கள். கைப்பிடிச் சுவர் மீதும் தண்ணீர்த் தொட்டி மீதும் தாம்பாளம் தாம்பாளமாக டிஷ் ஆன்டெனாக்கள் நிற்கின்றன அல்லவா? அவற்றின் முகங்களைக் கவனியுங்கள். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் எல்லாம் ஏறக்குறைய ஒரே பக்கமாக, தெற்கு வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும். சுவாமி புறப்பாட்டுக்குக் காத்து நிற்கிற கூட்டம் கோபுர வாசலையே பார்த்துக்கொண்டு நிற்குமே, அந்த மாதிரி.

அங்கே என்ன இருக்கிறது என்று நீங்களும் அண்ணாந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெறும் ஆகாயம். உங்கள் வடாத்தின் மேல் கண் வைத்திருக்கும் ஒரு காக்கை வேண்டுமானால் தென்படலாம். ஆனால் அந்தக் காக்கைக்கு மேலே, மேகத்துக்கு மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உங்கள் சாயங்காலத் தொடரின் கதாநாயகி அழுதுகொண்டிருக்கிறாள்! பூமியிலிருந்து மேலே போய், அங்கிருந்து திரும்பி உங்கள் கூடத்துக்கு அவள் அழுகை வந்து சேரக் கால் விநாடி ஆகிறது.

இந்த விஷயத்தைப் பற்றி எங்கள் பக்கத்து வீட்டு அம்மாள் ஒருநாள் என்னை மடக்கிவிட்டார். "சூரியன் நகர்கிறான், சந்திரன் நகர்கிறான், நட்சத்திரம்கூட விடிவதற்குள் இடம் மாறிவிடுகிறது. இது மட்டும் எப்படி ஐயா ஒரே இடத்தில் நிற்கும்? ஆணி அடித்து மாட்டியிருக்கிறதா?" என்று கேட்டார். பெரிய பரீட்சை எழுதினவர்கள்கூட இவ்வளவு சரியாகக் கேட்க மாட்டார்கள்.

அது நிற்கவில்லை. விநாடிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சிறு வயதில் நீங்கள் தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு தட்டாமாலை சுற்றியிருப்பீர்கள். அப்போது வீடு சுற்றும், மரம் சுற்றும், கிணற்றடி சுற்றும். எதிரே இருக்கும் தோழியின் முகம் மட்டும் அசையாமல் அப்படியே இருக்கும். காரணம், நீங்கள் சுற்றுகிற அதே கணக்கில் அவளும் சுற்றுகிறாள். பூமிக்கும் அந்த யந்திரத்துக்கும் நடப்பது இதே தட்டாமாலைதான். பூமி ஒரு நாளில் ஒரு சுற்று. அதுவும் ஒரு நாளில் ஒரு சுற்று. ஆகையால் நம் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் அது அசையாமல் நிற்கிற மாதிரி இருக்கிறது.

எந்த உயரத்தில் வேண்டுமானாலும் இப்படிச் செய்துவிட முடியாது. பூமிக்குக் கிட்டத்தில், சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற செயற்கைச் சந்திரன் ஒன்றரை மணி நேரத்தில் ஒரு சுற்றை முடித்துவிடும். உயரம் கூடக்கூடச் சுற்றும் நேரமும் கூடும். பூமத்திய ரேகைக்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் மட்டும் அது சரியாக ஒரு நாள் ஆகிறது. ஆகாயத்திலே அந்த ஒரே ஒரு வட்டம்தான் இந்தக் காரியத்துக்கு உகந்தது.

இந்த வட்டத்தால் என்ன பிரயோஜனம் என்பதை உலகத்துக்கு விளக்கமாக எடுத்துச் சொன்னவர் ஆர்தர் கிளார்க். இங்கிலாந்தின் விமானப் படையில் ரேடார் வேலை பார்த்துக்கொண்டிருந்த இளைஞர். 1945-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 'ஒயர்லெஸ் வேர்ல்ட்' என்ற பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். மூன்றே மூன்று நிலையங்களை அந்த உயரத்தில் நிறுத்திவிட்டால் பூமி முழுவதற்கும் ரேடியோவும் டெலிவிஷனும் எட்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு விஷயத்தில் மட்டும் அவர் கணக்குத் தப்பியது. அந்த நிலையங்களில் மனிதர்கள் குடியிருப்பார்கள் என்று எழுதியிருந்தார். ஏன் தெரியுமா? அந்தக் காலத்து ரேடியோப் பெட்டியில் வால்வு அடிக்கடி பழுதாகும். வால்வு மாற்ற ஆள் வேண்டுமே! சிறிய டிரான்ஸிஸ்டர் வந்து ஆகாயத்துக்கு ஆள் அனுப்புகிற சிரமத்தை மிச்சப்படுத்திவிடும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அவர் கட்டுரை வெளியாகிப் பதினெட்டு வருஷத்துக்குள், 1963-இல், அமெரிக்கர்கள் 'ஸின்காம்' என்ற சிறு சந்திரனை நாளுக்கு ஒரு சுற்றுச் சுற்றும்படி அனுப்பிவிட்டார்கள். மறு வருஷம் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் பந்தயங்களை 'ஸின்காம்-3' பசிபிக் மகாசமுத்திரத்தைத் தாண்டி அமெரிக்காவுக்குக் காட்டியது. கிளார்க்கோ 1956 முதலே கொழும்பில் வந்து குடியேறிவிட்டார். அவரை மறந்துவிடாதீர்கள், மறுபடியும் வருவார்.

கோழி வலையும் மாவுச் சல்லடையும்

பணக்கார தேசங்கள் இந்த வித்தையை டெலிபோனுக்கும் ஒலிம்பிக் பந்தயத்துக்கும் உபயோகப்படுத்திக்கொண்டிருந்தபோது, நம் ஊர் விஞ்ஞானி ஒருவருக்கு வேறு யோசனை தோன்றியது. அவர் விக்ரம் சாராபாய். 1963-இல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட்டைப் பறக்கவிட ஏற்பாடு செய்த அதே சாராபாய்தான். டெல்லியில் மட்டும் டெலிவிஷன் இருந்த காலம் அது. மற்ற தேசங்களில் நடந்தபடி நடந்தால் முதலில் பம்பாய், பிறகு கல்கத்தா, சென்னை, அப்புறம் சிறு நகரங்கள், கடைசியில்தான் கிராமம். அந்தக் கடைசி வருவதற்கு எத்தனை வருஷம் ஆகுமோ! ஆகாயத்திலிருந்து அனுப்பினால் பட்டணம் என்ன, குக்கிராமம் என்ன, எல்லாம் ஒரே தூரம்தானே? கிராமத்திலிருந்தே ஆரம்பித்தால் என்ன என்று அவர் கேட்டார்.

1969-இல் அமெரிக்காவின் 'நாசா' ஸ்தாபனத்தோடு ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அவர்களுடைய சந்திரன் ஒன்றை ஒரு வருஷத்துக்கு இரவலாகத் தருவார்கள். நிகழ்ச்சிகளைத் தயாரிப்பதும், பூமியிலுள்ள நிலையங்களை அமைப்பதும், கிராமங்களில் பெட்டி வைப்பதும் நம்முடைய பொறுப்பு. இதற்கெல்லாம் வித்திட்ட சாராபாய் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. 1971 டிசம்பர் 30-ஆம் தேதி, கோவளத்தில் தங்கியிருந்தபோது தூக்கத்திலேயே காலமாகிவிட்டார். வயது 52.

இரவலாக வந்த சந்திரனின் பெயர் 'ஏ.டி.எஸ்.-6'. அதன் விசேஷம் அதன் குடை. ஆகாயத்துக்குப் போன பிறகு விரிந்துகொள்ளும் ஒன்பது மீட்டர் அகலமான குடை ஆன்டெனா. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. காது மந்தமான தாத்தா கையைக் குவித்துக் காதோரம் வைத்துக்கொள்கிறார் பாருங்கள். பேசுகிறவர் மெல்லப் பேசினால் கை பெரிதாகக் குவிய வேண்டும். உரக்கப் பேசினால் சும்மாவே கேட்கும். அதற்கு முந்திய சந்திரன்கள் முணுமுணுத்தன. அவற்றைக் கேட்கப் புனாவுக்கு அருகே ஆர்வியில் அமைத்தது போல ராட்சத ஆன்டெனா வேண்டியிருந்தது. ஏ.டி.எஸ்.-6 உரக்கப் பேசியது. அதனால் கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பத்தடி அகலமுள்ள ஆன்டெனா போதும் என்றாயிற்று.

பத்தடி என்றாலும் கெட்டித் தகட்டில் செய்தால் பாரம் எவ்வளவு, செலவு எவ்வளவு! காற்றடித்தால் பாய்மரம் மாதிரி பிய்த்துக்கொண்டு போகும். நம் இஞ்சினியர்கள் கடைத்தெருவில் ஒரு பொருளைக் கண்டுபிடித்தார்கள். கோழிக்கூட்டுக்கு அடிக்கிற கம்பி வலை! ஓட்டை ஓட்டையாக இருக்கும் வலை எப்படி டெலிவிஷன் அலையைப் பிடிக்கும் என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் சமையலறைச் சல்லடைதான் பதில். மாவு இறங்கிவிடுகிறது, கல்லும் கட்டியும் மேலே தங்கிவிடுகின்றன. அந்தச் சந்திரனிலிருந்து வந்த அலை ஒவ்வொன்றும் சுமார் 35 சென்டிமீட்டர் நீளம். வலையின் கண்ணோ விரல் நுழையும் அளவு. இவ்வளவு சிறிய கண் வழியாக அவ்வளவு நீள அலை நழுவ முடியாது. அலையைப் பொறுத்த மட்டில் அது ஓட்டையே இல்லாத தாம்பாளம். காற்றைப் பொறுத்த மட்டிலோ வெறும் சல்லடை. காற்றும் தாராளமாகப் போயிற்று, படமும் வந்து விழுந்தது.

1975 ஆகஸ்டு 1-ஆம் தேதி பரீட்சை ஆரம்பமாயிற்று. ஆந்திரா, பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிஸ்ஸா, ராஜஸ்தான் ஆகிய ஆறு ராஜ்யங்களில் 2,400 கிராமங்கள். அதில் நம் தமிழ்நாடு இல்லை. நமக்கு அதே மாதம் 15-ஆம் தேதி சென்னையில் டெலிவிஷன் நிலையம் திறந்து சமாதானம் செய்துவிட்டார்கள்! காலையில் ஒன்றரை மணி நேரம் குழந்தைகளுக்கு, சாயங்காலம் இரண்டரை மணி நேரம் பெரியவர்களுக்கு. ஹிந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் ஆகிய பாஷைகளில் நிகழ்ச்சிகள். பயிர், பசு, பிரசவம், குழந்தை வளர்ப்பு, சுத்தம், நடுநடுவே பாட்டும் கூத்தும். மின்சாரமே எட்டாத சில கிராமங்களில் பாட்டரி வைத்துப் பெட்டியை ஓட்டினார்கள்.

ரேடியோவைக்கூடப் பார்த்திராதவர்கள் டெலிவிஷன் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். பத்திரிகை படித்து, சினிமா பார்த்து, பிறகு டெலிவிஷனுக்கு வந்தவர்கள் நாம். அவர்கள் ஒரே தாண்டில் கடைசிப் படியில் ஏறினார்கள்.

இதை ஆராய்ச்சி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. யந்திரம் வேலை செய்கிறதா என்பது அதில் ஒரு பாதிதான். பார்த்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்பது மறு பாதி. சமூக இயல் படித்தவர்கள் அந்தக் கிராமங்களிலேயே போய்த் தங்கி, யார் வருகிறார்கள், யார் எழுந்து போகிறார்கள், எதைப் பற்றி மறுநாள் பேசிக்கொள்கிறார்கள் என்று குறித்துக்கொண்டார்கள். பெண்கள் ஆண்களைவிடக் குறைவாகவே வந்தார்கள். இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை என்பீர்கள். ஊர்ப் பொது இடத்தில், விளக்கேற்றி உலை வைக்கிற வேளையில் பெட்டியைத் திறந்தால் எந்தப் பெண்பிள்ளை எழுந்து வருவாள்? ஆனால் வந்து பார்த்த பெண்களிடமும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும்தான் ஆரோக்கிய விஷயங்களில் அதிகப் பலன் தெரிந்தது. விவசாய நிகழ்ச்சிகள் எதிர்பார்த்த அளவுக்குப் பயிராகவில்லை. டெல்லியிலிருந்தும் கட்டாக்கிலிருந்தும் சொல்லுகிற யோசனை ஒவ்வோர் ஊர் மண்ணுக்கும் பொருந்துமா?

இந்த இடத்தில் கிளார்க் மறுபடி வருகிறார். முப்பது வருஷத்துக்கு முன் காகிதத்தில் போட்ட கணக்கு, அடுத்த தேசத்துக் கிராமங்களில் பலிக்கிறது. அவர் இருந்த இலங்கையிலோ 1979 வரையில் டெலிவிஷனே கிடையாது. நம் இஞ்சினியர்கள் கொழும்புக்குப் போய் அவர் வீட்டு மாடியில் ஓர் ஆன்டெனாவை நிறுத்திக் கொடுத்துவிட்டு வந்தார்கள். இலங்கையில் அப்போது தம் வீட்டு டெலிவிஷனில் படம் பார்த்த மனிதர் அவர்தான். அக்கம்பக்கத்தார் எத்தனை பேர் அவர் வீட்டுக்குக் காப்பி சாப்பிடப் போனார்களோ, நமக்குத் தெரியாது!

இரவல் நகை

கல்யாணத்துக்கு இரவல் வாங்கிய ஒட்டியாணம் எவ்வளவு அழகாக இருந்தாலும், கட்டுச்சாத மூட்டையோடு அதையும் திருப்பிக் கொடுத்துத்தானே ஆக வேண்டும்? 1976 ஜூலை 31-ஆம் தேதி ஒப்பந்தம் முடிந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவின் தலைக்கு மேல் நின்றுகொண்டிருந்த ஏ.டி.எஸ்.-6 மெள்ள மெள்ள அமெரிக்காவின் பக்கம் நகர்ந்து போய்விட்டது. சில பிரதேசங்களில் தரையிலிருந்து ஒலிபரப்பும் நிலையங்களை வைத்து நிகழ்ச்சியைத் தொடர்ந்தார்கள். அவை எட்டாத கிராமங்களில் பெட்டி வெறும் பெட்டியாயிற்று. ஒரு வருஷம் நாள் தவறாமல் வந்து உட்கார்ந்த குழந்தைகளிடம் 'சந்திரன் ஊருக்குப் போய்விட்டது' என்று எந்த உபாத்தியாயர் எப்படிச் சொல்லியிருப்பாரோ என்று நான் யோசித்ததுண்டு.

சொந்த நகை செய்துகொள்ளத் தீர்மானித்தார்கள். ஆனால் அப்போது இந்தியாவில் அவ்வளவு உயரத்துக்குச் சந்திரனைத் தூக்கிச் செல்லும் ராக்கெட் கிடையாது. தகுந்த சமயத்தில் ஐரோப்பிய விண்வெளி ஸ்தாபனத்தார் ஓர் அழைப்பு விடுத்தார்கள். அவர்கள் 'ஏரியான்' என்ற புது ராக்கெட்டைப் பரீட்சை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பரீட்சைப் பிரயாணத்தில் ஏற விரும்புகிறவர்களுக்கு டிக்கெட் இலவசம்! இலவசம் என்றால் ஏதோ வில்லங்கம் இருக்கும் என்று உங்களுக்குச் சந்தேகம் வருகிறது. சந்தேகம் நியாயமே. 1979 டிசம்பரில் போன முதல் ஏரியான் ஒழுங்காகப் போயிற்று. 1980 மே மாதம் போன இரண்டாவது ஏரியான் கடலில் விழுந்தது. நம்முடையது மூன்றாவதில் போக வேண்டும்.

சந்திரனுக்கு 'ஆப்பிள்' என்று பெயர் வைத்தார்கள். ஏரியான் பிரயாணிப் பரீட்சை என்று பொருள்படும் நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைக் கூட்டினால் இந்தப் பெயர் வரும். திட்டத்தின் தலைவர் ஆர். எம். வாசகம் என்ற தமிழர். பிற்காலத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். பெங்களூரில் தொழிற்பேட்டைக் கொட்டகைகளில் வேலை நடந்தது. பளபளக்கும் மாளிகை ஒன்றும் இல்லை, தகரக் கொட்டகைதான். அங்கே இரண்டே வருஷத்தில் 670 கிலோ எடையுள்ள ஒரு சந்திரன் உருவாயிற்று.

முந்திய சந்திரன்கள் பல பம்பரம்போல் சுழன்றுகொண்டே நிலை கொண்டவை. ஆப்பிள் சுழலாமல், முகத்தைப் பூமியின் பக்கமே வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அதே சமயம் இரண்டு பக்கத்து இறக்கைகளிலும் உள்ள சூரியத் தகடுகள் சூரியனைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருக்க வேண்டும். இடுப்பிலே குழந்தை, ஒரு கண் அடுப்பிலே, ஒரு காது வாசலிலே என்று நிற்கிற உங்களுக்கு இது பெரிய வித்தையாகத் தோன்றாது. யந்திரத்துக்குக் கற்றுக் கொடுப்பது சிரமம்.

இப்போது மாட்டு வண்டிக்கு வருவோம். இந்தப் போட்டோவை நீங்கள் எங்காவது பார்த்திருக்கலாம். கட்டை வண்டி; பூட்டிய காளைகள்; வண்டியின் மேல் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வீற்றிருக்கும் ஆப்பிள். பார்த்தவர்களில் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். "ஐயோ பாவம், லாரிக்குக்கூடப் பணமில்லை போலிருக்கிறது" என்கிறார்கள் மற்றப் பாதிப் பேர். இரண்டு கட்சிக்கும் விஷயம் தெரியாது.

ஆப்பிளின் ஆன்டெனாவைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. பாத்திரக் கடைக்குள் நின்று உரக்கப் பேசிப் பாருங்கள். அண்டாவும் குண்டாவும் உங்கள் குரலையே திருப்பி எதிரொலிக்கும். எது உங்கள் குரல், எது எதிரொலி என்று புரியாது. ரேடியோ அலைக்கு உலோகம் எல்லாம் அப்படித்தான். சுற்றிலும் இரும்பு இருந்தால் அலை அதில் பட்டுத் திரும்பி வந்து, அளவையே பொய்யாக்கிவிடும். திறந்த வெளிக்குக் கொண்டு போகலாம். ஆனால் எதில் வைத்துக்கொண்டு போவது? லாரி என்றால் அதுவே ஒரு வண்டி இரும்பு! மரத்தால் ஆன வாகனம் வேண்டும். அப்படி ஒன்று நம் ஊரில் எத்தனையோ தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கிறதே! ஒரு வண்டியை வாடகைக்குப் பேசினார்கள். வாடகை 150 ரூபாய் என்று சொல்வார்கள். சோதனை சரியாக முடிந்தது. வேறு தேசமாக இருந்தால் இதற்கென்று மரமேடை ஒன்று கட்டி, பல லட்சம் செலவழித்து, அதற்கு வாயில் நுழையாத பெயரும் வைத்திருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம்.

மடங்கிய இறக்கை

1981 ஜூன் 19-ஆம் தேதி தென் அமெரிக்காவில் பிரெஞ்சுக் கயானாவிலுள்ள கூரூ என்ற இடத்திலிருந்து ஏரியான் கிளம்பியது. அதில் ஆப்பிளுக்குக் கிடைத்த இடம் நடு பெஞ்சு. மேலே 'மீட்டியோஸாட்' என்ற ஐரோப்பிய வானிலைச் சந்திரன். கீழே ராக்கெட்டின் அதிர்ச்சியை அளக்கும் கருவி. மீட்டியோஸாட்டின் பாரத்தை ஆப்பிள் தன் தலையில் சுமந்துகொண்டு போக வேண்டும். இலவசப் பிரயாணி என்றால் மூட்டை தூக்கத்தானே சொல்வார்கள்!

மூன்றாவது ஏரியான் கடலில் விழவில்லை. ஆப்பிளை ஒரு நீள்வட்டப் பாதையில் விட்டது. அந்தப் பாதையின் ஒரு நுனி பூமிக்குச் சில நூறு கிலோமீட்டரில். மறு நுனி 36,000 கிலோமீட்டரில். அதை வட்டமாக்க, மேல் நுனிக்கு வரும் சமயம் பார்த்து ஆப்பிளின் வயிற்றிலுள்ள மோட்டாரைக் கொளுத்த வேண்டும். அந்த மோட்டார் நம் நாட்டில் செய்தது. 1980 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்த எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் நான்காவது அடுக்கிலிருந்து உருவானது. ஒரே தடவைதான் எரியும். எரிந்தது தப்பாகப் போனால் திருத்த வழியில்லை. சரியாகவே எரிந்தது.

அப்புறம்தான் சோதனை வந்தது. மடித்து வைத்திருந்த இரண்டு சூரியத் தகடுகளும் இரு பக்கமும் விரிய வேண்டும். ஒன்று விரிந்தது. மற்றது விரியவில்லை.

36,000 கிலோமீட்டருக்கு அப்பால் சிக்கிக்கொண்ட கதவை யார் போய்த் தட்டித் திறப்பது? ஒற்றை இறக்கையோடு, பாதி மின்சாரத்தோடு ஒரு சந்திரன். மாதச் சம்பளம் பாதியாகிவிட்ட வீட்டை நடத்துகிறவர்களைக் கேட்டால் தெரியும். எந்த விளக்கை எப்போது அணைப்பது, எந்த அடுப்பை எப்போது மூட்டுவது என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு. தரையிலிருந்த கோஷ்டி அப்படித்தான் குடித்தனம் நடத்தியது. சில வாரங்களில் ஆப்பிளை நகர்த்தி, கிழக்கே 102-ஆவது டிகிரியில், சுமத்ரா தீவின் தலைக்கு மேலே கொண்டு வந்து நிறுத்தினார்கள். அந்த ஆகஸ்டு மாதம் பிரதம மந்திரி இந்திரா காந்தி அதை நாட்டுக்கு அர்ப்பணம் செய்தார்.

இரண்டு வருஷத்துக்கு மேல் அது உழைத்தது. டெலிவிஷன் நிகழ்ச்சிகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு போயிற்று. ஆனால் அதைவிட முக்கியம், அதை வைத்து நடந்த ஆராய்ச்சிகள். ஒரே சந்திரனைப் பல ஊர்க்காரர்கள் சண்டையில்லாமல் எப்படிப் பகிர்ந்துகொள்வது என்பது அவற்றில் ஒன்று. தெருக்குழாயடிச் சண்டை பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கஷ்டம் தெரியும். ஒரு வழி, முறை வைப்பது: உனக்கு இந்த நேரம், எனக்கு அந்த நேரம். இரண்டாவது வழி, குழாயையே பலவாகப் பிரித்து ஆளுக்கொரு கிளை விடுவது. அலைவரிசையை இப்படிப் பங்கு போடலாம். மூன்றாவது வழிதான் வேடிக்கை. கல்யாண வீட்டுக் கூடத்தில் எல்லாரும் ஒரே சமயத்தில் பேசுகிறார்கள். ஒரு ஜோடி தெலுங்கில், ஒரு ஜோடி மராத்தியில், நீங்களும் உங்கள் தங்கையும் தமிழில். இரைச்சல் காதைப் பிளந்தாலும் உங்கள் தங்கையின் பேச்சு உங்களுக்கு விளங்குகிறது அல்லவா? அதே மாதிரி ஒவ்வொருவருக்கும் ஒரு சங்கேத பாஷை கொடுத்துவிட்டால் எல்லாரும் ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில் பேசலாம். இந்த மூன்று முறைகளையும் ஆப்பிளில் சோதித்தார்கள். பிற்காலத்தில் கைப்பேசிகள் வந்தபோது இந்த மூன்று யுக்திகளும்தான் கைகொடுத்தன.

இன்னொரு சோதனை, கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசுவது. நீண்ட செய்தியைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் விலாசம் எழுதி அனுப்பினால், அந்தப் பக்கத்தில் வரிசைப்படி ஒட்டிக்கொள்ளலாம். இன்று உங்கள் மகன் அயல்நாட்டிலிருந்து அனுப்பும் போட்டோ கைப்பேசியில் வந்து சேர்வது இந்த நறுக்கும் வித்தையினால்தான்.

ஆப்பிள் ஒரு பரீட்சைக் குழந்தை. நாட்டின் அன்றாட வேலைக்கென்று 'இன்ஸாட்' வரிசைச் சந்திரன்களை அமெரிக்கக் கம்பெனி ஒன்றிடம் செய்யக் கொடுத்திருந்தார்கள். முதலாவது, இன்ஸாட்-1ஏ, 1982 ஏப்ரலில் போயிற்று. ஐந்து மாதத்துக்குள் செத்துவிட்டது. காசு கொடுத்து வாங்கியதிலும் கோளாறு உண்டு என்பதை அப்போது கண்டோம். நம் கொட்டகையில் செய்த ஒற்றை இறக்கை ஆப்பிளோ அந்த வருஷம் முழுவதும் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம் வருகிறது, பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, இன்ஸாட்-1பி. 1983 ஆகஸ்டு மாதக் கடைசியில் 'சாலஞ்சர்' என்ற அமெரிக்க விண்வெளி ஓடத்தில் போயிற்று. அதன் சூரியத் தகடும் விரிய மறுத்தது! கர்நாடகத்தில் ஹாசனில் இருக்கும் கட்டுப்பாட்டு நிலையத்தில் இருந்தவர்களின் மனம் எப்படி இருந்திருக்கும்? ஒரு சந்திரன் ஏற்கெனவே போயிற்று. இதுவும் போனால் கதி? பதினைந்து நாள் போராட்டத்துக்குப் பிறகு செப்டம்பர் நடுவில் தகடு ஒருவாறு விரிந்து கொடுத்தது. அதே செப்டம்பர் 19-ஆம் தேதி ஆப்பிளின் வேலை முடிந்தது.

மறு வருஷம் சர்க்கார் தேசமெங்கும் சிறு டெலிவிஷன் நிலையங்களை வைக்கத் தொடங்கியது. சில மாதங்கள் ஏறக்குறைய நாளுக்கு ஒன்று என்ற கணக்கு. அத்தனை நிலையங்களுக்கும் மேலேயிருந்து படம் ஊற்றியது இன்ஸாட்-1பி. 1984 ஜூலையில் டெல்லியிலிருந்து 'ஹம் லோக்' என்ற தொடர்கதை ஆரம்பமாயிற்று. எங்கள் பக்கத்து வீட்டு அம்மாளுக்கு ஹிந்தியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. ஒரு வாரம்கூட விடாமல் பார்த்தார். கதை எப்படிப் புரிந்தது என்று கேட்டேன். "குடிகாரப் புருஷனும் கஷ்டப்படுகிற பெண்டாட்டியும், இதற்கு என்ன பாஷை வேண்டிக்கிடக்கிறது?" என்றார்.